டாக்டரிடம் சொல்கிறேன்

வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் படித்துப் பட்டம் வாங்குவது சுலபம் என்று யாராவது சொன்னால், அவர்களைத் தயவுசெய்து எங்கள் கிளினிக்குக்கு அனுப்பி வையுங்கள். முன்மேசையில் நான்தான் இருப்பேன். என் பெயர் வெர்னா. முப்பத்தோரு வருஷமாக இதே இடம். போன் எடுப்பது, நோயாளியின் எடை பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, அழுகிற குழந்தைக்கு ஸ்டிக்கர் கொடுப்பது, எல்லாம் நான்தான். போன ஜனவரி மாதத்தில் இந்தப் பட்டியலில் இன்னொரு வேலையும் சேர்ந்தது. ஒன்றரை மணி நேரம் ஒரு டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நிற்பது. முதல் பாதி கைக்கு வேதனை. இரண்டாவது பாதி எனக்கு.

எல்லாம் ரெனேயால் வந்தது. ரெனேவுக்கு நாற்பத்தேழு வயது, நர்ஸாகி இருபத்துமூன்று வருஷம். அதில் பதினெட்டு வருஷம் இதே கட்டடத்தில், இது பன்னிரண்டு படுக்கை ஆஸ்பத்திரியாக இருந்தபோது. ஐந்து வருஷத்துக்கு முன் படுக்கைகளை மூடிவிட்டார்கள். டாக்டர் லிண்ட்ஹோமும் அந்த வருஷமே ஓய்வு பெற்றார். முன்பக்கத்து நாலு அறைகளை மட்டும் கிளினிக்காக விட்டுவைத்தார்கள். இப்போது நாற்பது மைல் சுற்றுவட்டத்தில் டாக்டர் என்று ஒருவரும் கிடையாது. மாடுகளுக்கு இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள், மனுஷனுக்கு இல்லை.

எங்களைப் பார்ப்பது பிரின். முப்பத்தொரு வயதுப் பெண், நர்ஸ் பிராக்டிஷனர். அதாவது நோயாளியைத் தானே பார்த்து, என்ன நோய் என்று தானே முடிவு செய்து, மருந்தும் தானே எழுதுகிற நர்ஸ். வருகிற ஆகஸ்டில் அவள் புருஷனுக்கு வேறு ஊரில் வேலை, போய்விடுவாள். அதற்குள் ரெனே அந்தப் படிப்பை முடித்தால் அவள் இங்கே உட்காருவாள். முடிக்காவிட்டால் இந்தக் கதவுக்குப் பூட்டு. மேலிடம் எங்களுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சுற்றி வளைத்து இரண்டு பக்கத்துக்குச் சொல்லியிருந்தார்கள்.

அதனால்தான் ரெனே மூன்று வருஷத்துக்கு முன் இணைய வழிப் படிப்பில் சேர்ந்தாள். பல்கலைக்கழகம் மூன்று மாநிலங்களுக்கு அப்பால் இருந்தது. சேர்ந்த புதிதில் ஊரே அவளிடம், “நைட்டியப் போட்டுக்கிட்டே காலேஜ் போறியாமே” என்று கேட்டது. பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. விடிவதற்கு முன் எழுந்து சமையலறை மேஜையில் பாடம் கேட்பாள். எட்டு மணிக்கு மாட்டுக்குத் தீனி. வாரக் கடைசியில் நாற்பது மைல் தள்ளியுள்ள ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேர வேலை. பரீட்சை என்றால் கேமராவைச் சுழற்றி அறை முழுக்கக் காட்ட வேண்டும், மேஜைக்கு அடியிலும். கண் திரையைவிட்டு விலகினால் அந்தக் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். ஒருமுறை அவர்கள் நாய் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. நாய் அவளுக்கு விடை சொல்லவில்லை என்று விளக்கி ரெனே ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

தலை முதல் கால் வரை ஒரு ஆளைப் பரிசோதித்து, நடுவில் நிறுத்தாமல் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று ஒரு பாடம். அந்த ஆள் அவள் புருஷன் வேட். கன்று ஈனுகிற பருவத்தில் அவனைப் படுக்க வைத்தால் என்ன நடக்கும்? வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் குறட்டை. மறுபடி முதலிலிருந்து. நாலாவது தடவை முட்டியில் சுத்தியால் தட்டியபோது கொஞ்சம் பலமாகத்தான் தட்டினாள் என்று அவன் இன்றைக்கும் சொல்கிறான்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. நோயாளிகளைப் பார்த்துப் பழக அறுநூற்றைம்பது மணி நேரம் வேண்டும். தன்னோடு வைத்துப் பழக்கிவிட ஒரு ஆளை மாணவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அதில் பல்கலைக்கழகம் கையை விரித்துவிடும். ரெனே இருபத்தாறு இடங்களுக்கு எழுதினாள். மூன்று பேர் பதில் போட்டார்கள், மூன்றும் முடியாது என்று. கடைசியில் பிரின்தான், தன்னைவிடப் பதினாறு வயது பெரியவளைப் பழக்குவது சங்கடம் என்று ஆறு மாதம் யோசித்துவிட்டு, “சரி, வாங்க. ஆனா என்னை மேடம்னு கூப்பிட்டா வெளிய அனுப்பிடுவேன்” என்றாள்.

ஆக, ஜனவரியில் கடைசித் தேர்வு வந்தது. பேராசிரியர் ட்ரஸ்க் என்ற அம்மா அங்கிருந்தே திரை வழியாகப் பார்ப்பார். எங்கள் நோயாளி, எங்கள் அறை, ரெனே பார்ப்பாள். கேமராவைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் பேசக் கூடாது. இந்த வேலைக்கு ஊரிலேயே பொருத்தமில்லாத ஆள் நான்தான் என்று பிரின் சொன்னாள். வேறு ஆள் இல்லை.

அன்று வந்தது ஒரு பண்ணைக்காரப் பெண். சிறுநீர் போகும்போது எரிச்சல், முதுகில் வலி, லேசான காய்ச்சல். ரெனே கேட்ட கேள்விகளை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒன்று விடவில்லை. தட்டிப் பார்த்தாள், தொட்டுப் பார்த்தாள், சோதனைச் சீட்டைப் படித்தாள். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது என்பது எனக்கே தெரிந்துவிட்டது. எந்த மருந்து என்பதும் அவளுக்குத் தெரியும், அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு அவள் அந்தப் பெண்ணின் தோளைத் தட்டிக்கொடுத்து, அவளுக்கே உரிய அந்த இதமான குரலில், “சரிம்மா, கொஞ்சம் இருங்க. நான் போய் டாக்டர்கிட்ட சொல்றேன்” என்றாள்.

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள்.

எந்த டாக்டரிடம்? நாற்பது மைலுக்கு ஆள் கிடையாது. நானும் அந்தப் பெண்ணும் டேப்லெட்டில் இருந்த பேராசிரியரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். நான் என் நாக்கைக் கடித்த கடியில் ரத்தம் வந்தது, பொய்யில்லை. கூடத்தில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள் ரெனே. தான் என்ன சொன்னோம் என்பது அங்கே போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பி வந்தாள். ஆனால் கதவு திறந்ததை எல்லாரும் பார்த்தாகிவிட்டது.

பேராசிரியர் எழுதியது இரண்டே வரி. ‘கண்டுபிடித்தது சரி. முடிவைத் தன்னுடையதாக ஏற்கவில்லை. தேர்ச்சி இல்லை.’ எட்டு வாரத்தில் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் படிப்பிலிருந்து நீக்கம், மூன்று வருஷமும் போனது போனதுதான்.

நான் அந்தப் பேராசிரியரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிரின் திட்டவில்லை. “அவங்க எழுதினது நிஜம், வெர்னா. ரெனேவுக்கு என்னைவிட அதிகம் தெரியும். தெரிஞ்சுகிட்டு வந்து கதவுகிட்ட நிக்கிறாங்க. யாராவது தலையாட்டணும்னு” என்றாள்.

அன்றிலிருந்து பிரின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். ரெனே நோயாளியைப் பார்த்துவிட்டு அவளிடம் சொல்ல வந்தால், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, “நான் சாப்பாட்டுல இருக்கேன்” என்பாள். காலை ஒன்பதரைக்கு. ரெனே, “நெஞ்சுல சளிச் சத்தம் இருக்கு, காய்ச்சல் நூத்திரண்டு…” என்று இழுப்பாள். பிரின், “அப்படியா, பாவம்” என்பாள். அவ்வளவுதான். ரெனே பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போய்த் தன் முடிவைச் சொல்லிவிட்டு வருவாள். பத்தில் ஒன்பது தடவை அது சரியாக இருக்கும். பத்தாவது தடவை பிரின் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழுந்து வருவாள்.

வீட்டில் வேட் வாத்து வேட்டைக்கு ஊதுகிற ஊதலை எடுத்துவைத்துக்கொண்டான். அவன்தான் நோயாளி. ரெனே அந்த வாக்கியத்தை எடுத்தால் போதும், காது கிழிய ஒரு ஊது. மூன்று வாரத்தில் ஊதல் சத்தம் குறைந்தது. ஆனால் நாய் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது அவளை நேராகவே கேட்டேன். “ஏன்டி, உனக்கு என்னதான் பயம்? நோயாளி செத்துப்போயிடுவான்னா?”

“அது இல்ல” என்றாள். சாண்ட்விச்சின் ஓரத்தைப் பிய்த்தாள். “நாங்க லிண்ட்ஹோம்கிட்ட எப்படிப் பேசுவோம்னு நீ கேட்டிருக்கேல்ல?”

கேட்டிருக்கிறேன். பதினெட்டு வருஷம் என் மேஜையைத் தாண்டித்தான் அந்தப் பேச்சு போகும். நோயாளிக்கு என்ன வேண்டும் என்பது ரெனேவுக்குத் தெரியும். ஆனால் அதை நேரடியாகச் சொன்னால் டாக்டருக்கு மூக்குமேல் கோபம் வரும். அதனால், “டாக்டர், ஒருவேளை பொட்டாசியம் பாக்கலாமோன்னு நீங்க நெனச்சிருப்பீங்க, எனக்குத்தான் சரியா கேக்கல போல” என்பாள். அவர், “ஆமா, நெனச்சேன். பாரு” என்பார். எல்லாருக்கும் மரியாதை மிஞ்சும், நோயாளியும் பிழைப்பான். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் உயிரோடு இருக்கிறார்கள்.

“அவர் மோசமான டாக்டரா இருந்திருந்தா எனக்கு இது சுலபமா வந்திருக்கும்” என்றாள் ரெனே. “நல்ல டாக்டர், வெர்னா. நான் சொல்றத அவர் வாயால கேட்டாத்தான் அது சரின்னு எனக்குத் தோணும். இப்பவும் தோணுது. என்ன பண்றது சொல்லு.”

எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. அவள்மேல் இல்லை, அந்தப் பதினெட்டு வருஷத்தின்மேல். அதில் நானும்தான் இருந்தேன். அவர் அறைக்குள் வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறவர்களில் நானும் ஒருத்தி.

மார்ச் பதினெட்டு, இரண்டாவது தேர்வு. நோயாளியைப் பொறுக்கி எடுக்கக் கூடாது, வரிசையில் அடுத்தவர் யாரோ அவரைத்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. விதி என்னவோ சரிதான், ஆனால் வரிசையை எழுதுவது நான். பத்து மணிக்கு ஐரிஸ் கிழவியைப் போட்டிருந்தேன். காதில் அழுக்கு அடைப்பு. அவ்வளவுதான். கழுவிவிட்டால் முடிந்தது. என் மனசாட்சி அன்று நன்றாகத் தூங்கியது.

ஒன்பதே முக்காலுக்கு ஐரிஸ் போன் பண்ணினாள். அவளுடைய பசு ஒன்று ஈன முடியாமல் தவிக்கிறது, கன்றின் கால் பின்பக்கமாக வருகிறது, காது இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். போனை வைத்தேன். வாசல் கதவு திறந்தது. பனிக்காலணியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார் டாக்டர் லிண்ட்ஹோம்.

எழுபத்தாறு வயது. விதைக் கடையில் இனாமாகக் கொடுக்கிற தொப்பி, கித்தான் கோட்டு. நான் என்னை அறியாமல் எழுந்து நின்றேன்.

“வெர்னா, நீ இன்னும் போய்ச் சேரலியா?”

“உங்கள முன்னாடி அனுப்பிட்டுத்தான் டாக்டர்.”

வழக்கமான பேச்சுதான். ஆனால் அவர் சிரித்ததும் இருமல் வந்தது, இருமி முடிக்க நேரமானது, மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று ஆகிவிட்டது எனக்கு. “ரெண்டு வாரமா மார்ச்சளி. அஞ்சு நாள் மாத்திரைய எழுதச் சொல்லு, போய்ட்டே இருக்கேன்” என்றார்.

பின்னறைக்கு ஓடினேன். “அடியே ரெனே, வரிசையில அடுத்தது யாருன்னு தெரியுமா? லிண்ட்ஹோம். நீ பேசாம இரு, அவரைப் பிரின்கிட்டத் தள்ளிவிடறேன். உனக்கு வேற ஆள் வரும்.”

ரெனே அப்போதுதான் கை கழுவியிருந்தாள். மறுபடி கழுவினாள். கழுத்தில் திட்டுத்திட்டாகச் சிவந்துவிட்டது.

“அடுத்த பேரு அவரோடதா?”

“ஆமா, ஆனா…”

“அப்ப அவரைக் கூப்பிடு.”

“கூறு கெட்டவளே, மூணு வருஷம்டி!”

“தெரியும். கூப்பிடு.”

யாரோ ஒரு பேராசிரியர் அம்மா திரையில் பார்ப்பார் என்று சொல்லிச் சம்மதப் படிவத்தை நீட்டினேன். “என் தொப்பையப் பாக்கணும்னு அந்தம்மாவுக்கு ஆசைன்னா நான் யாரு தடுக்க” என்று கையெழுத்துப் போட்டார். எடை பார்த்தேன், அக்டோபரில் தடுப்பூசிக்கு வந்தபோது இருந்ததைவிடப் பதினோரு பவுண்டு அதிகம். நாடி நூற்றிருபத்தெட்டு, அதுவும் தாறுமாறாக. எழுதிக்கொண்டேன். அவர் என் பேனாவைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அறைக்குள் போனதும் அவர் நேராகப் போய்ச் சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் உட்காருகிற முக்காலி. நாற்பது வருஷம் உட்கார்ந்த பழக்கம், அவர் யோசிக்கவே இல்லை. ரெனே உள்ளே வந்தாள். நோயாளி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது, டாக்டர் இடத்தில் டாக்டர் இருந்தார். அவள் சுவர் ஓரமாக, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றுவிட்டாள். டேப்லெட்டில் பேராசிரியர் ட்ரஸ்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“டாக்டர்” என்றாள் ரெனே. “நீங்க அந்தப் பக்கம் உக்காரணும்.”

அவர் குனிந்து முக்காலியைப் பார்த்தார். “அட, ஆமால்ல” என்று எழுந்து, பரிசோதனைப் படுக்கையில் ஏறி உட்கார்ந்தார். ரெனே முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஒரு கண்டம் தாண்டியது என்று மூச்சு விட்டேன்.

“என்ன பண்ணுது டாக்டர்?”

“மூச்சுக்குழல் அழற்சி. அஞ்சு நாள் மாத்திரை.”

“அது நோயோட பேரு. உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு கேட்டேன்.”

நான் மட்டும் பேசலாம் என்றிருந்தால் அப்போதே கை தட்டியிருப்பேன். அவர் முறைத்தார், பிறகு சொன்னார். இருமல். களைப்பு. கொட்டகை வரைக்கும் நடந்தால் நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. காய்ச்சல் இல்லை.

“எங்க படுத்துத் தூங்குறீங்க?”

“எங்க தூங்குவாங்க? வீட்லதான்.”

“கட்டில்லயா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “சாய்வு நாற்காலில. டிவி பாத்துக்கிட்டே அப்படியே…”

“எத்தனை நாளா?”

“மூணு வாரமா இருக்கும்.”

காலுறையைக் கழற்றச் சொன்னாள். முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் போன பிறகும் குழி அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, வெளியே நிற்கிற தன் பிக்கப் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மேலிருந்து கீழே, கீழே ரொம்ப நேரம், கேட்டாள். பிறகு ஈசிஜி எடுக்க வேண்டும் என்றாள். நான் டேப்லெட்டை ஒரு கையில் பிடித்தபடி, மறுகையால் வயர்களை எடுத்துக் கொடுத்தேன்.

எந்திரம் தாளைத் தள்ளியது. ரெனே அதைக் கிழித்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். ரெனேயின் கையும் நீண்டது.

பதினெட்டு வருஷம் அவள் எடுத்த ஒவ்வொரு ஈசிஜித் தாளும் அந்தக் கைக்குத்தான் போயிருக்கிறது. அவர் பார்ப்பார், சொல்வார், இவள் செய்வாள். இரண்டு பேரும் எதையும் நினைக்கவில்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியும். இரண்டு கைகள், தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தன. தாள் அவர் விரலைத் தொட இரண்டு அங்குலம் இருந்தது. இரும வேண்டும், தும்ம வேண்டும், டேப்லெட்டைக் கீழே போட வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தோன்றியது. செய்யவில்லை. செய்தால் அது அவள் பாஸ் ஆனதாக இருக்காது, நான் பாஸ் ஆனதாக இருக்கும்.

ரெனே தன் கையைப் பார்த்தாள். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“மன்னிச்சுக்கோங்க டாக்டர். இத நான் முதல்ல பாக்கணும்.”

அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே காற்றில் நின்றது. பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

ரெனே அவசரப்படவில்லை. தாளை முழங்காலில் விரித்து விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பிறகு நிமிர்ந்தாள்.

“இது மார்ச்சளி இல்ல. உங்க இதயத்தோட மேல் அறைகள் ஒழுங்கா துடிக்கல, நடுங்குது. இதயம் களைச்சுப் போச்சு, தண்ணி நுரையீரல்ல தங்குது, கால்ல தங்குது. மாத்திரை எழுதித் தர மாட்டேன். இன்னிக்கே உங்களப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன்.”

“ரெனே, நாப்பது வருஷமா நெஞ்சுச் சத்தம் கேட்டவன் நான்.”

“தெரியும். உங்க வீட்லயும் ஒரு ஸ்டெதாஸ்கோப் இருக்கு. உங்க நெஞ்ச நீங்க கேட்டீங்களா?”

படுக்கையில் விரித்த தாள் அவர் அசைந்ததில் சரசரத்தது.

“கேட்டீங்களா டாக்டர்?”

“கேட்டேன்.”

“எப்போ?”

“நாற்காலில தூங்க ஆரம்பிச்சப்போ.” தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “எனக்குக் காது மந்தமாயிடுச்சு, தப்பாக் கேக்குதுன்னு வெச்சுக்கிட்டேன். வேற யாராவது வெறும் சளின்னு சொல்லி மாத்திரை எழுதிட்டா, சரி, சளிதான்னு வீட்டுக்குப் போயிடலாம்னு பாத்தேன்.”

அவர் பயந்திருக்கிறார். மூன்று வாரமாகத் தனியாக அந்த வீட்டில், டிவிக்கு முன்னால், தனக்கு என்ன என்று தெரிந்துகொண்டே பயந்திருக்கிறார். எங்கள் அத்தனை பேரின் பயத்தையும் பார்த்த மனுஷர்.

“ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்” என்றாள் ரெனே.

“எதுக்கு ஊரக் கூட்டுற? நானே ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன்.”

“மாட்டீங்க. வண்டிச் சாவியக் குடுங்க.”

எங்கள் பக்கத்து ஆம்பளையிடம் பிக்கப் வண்டியின் சாவியைக் கேட்பது சாதாரண விஷயம் இல்லை. அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கோட்டுப் பையைத் துழாவிச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு, போனை எடுத்து, ஆம்புலன்ஸுக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் பேசினாள். ‘என்னுடைய நோயாளி’ என்றுதான் ஆரம்பித்தாள். பிராணவாயுக் குழாயை அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வேறு வேலை பார்க்கிற, சம்பளம் இல்லாத தொண்டர்கள், பள்ளி பஸ்ஸை நிறுத்திவிட்டு வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

அப்போதுதான் என் கையிலிருந்து ஒரு குரல் வந்தது. நான் டேப்லெட் ஒன்று பிடித்திருப்பதையே மறந்துவிட்டேன்.

“ரெனே” என்றார் பேராசிரியர் ட்ரஸ்க். “தேர்வு நேரம் பன்னிரண்டு நிமிஷம் முன்னாடியே முடிஞ்சிடுச்சு. நேரம் மீறினதுக்கு ரெண்டு மார்க் குறைப்பேன், அத மாத்த முடியாது. மத்ததெல்லாம் எனக்குப் போதும், நீங்க பாஸ். இனிமே இங்க எனக்கு வேலை இல்ல.” டாக்டர் பக்கம் பார்த்து, “உடம்பப் பாத்துக்கோங்க சார்” என்றார். திரை அணைந்தது.

ரெனே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வருஷம் காத்திருந்த வார்த்தை அது. காதில் விழுந்ததா என்பதே சந்தேகம். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, யாரும் மார்க் போடவில்லை.

“ரெனே” என்றார் லிண்ட்ஹோம். குரல் ரொம்ப மெதுவாக வந்தது. “பூசி மெழுகாம சொல்லு. எவ்வளவு மோசமா இருக்கு?”

இந்தக் கட்டடத்தில் இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் நர்ஸுகளிடம் கேட்டிருக்கிறார்கள். நர்ஸ் என்ன பதில் சொல்வாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“சொல்றேன்” என்றாள் ரெனே. எண்ணி முடித்து எழுதிக்கொண்டு, முக்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். “முதல்ல எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சத சொல்றேன். அப்புறம் தெரியாதத சொல்றேன். சரியா?”

அவர் தலையாட்டினார்.

இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியாத சங்கதி எதுவும் கிடையாது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அவள் அவரிடம் என்ன சொன்னாள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன்.